ஜூனியர் ஹாக்கியும் தெருவும்: பெங்களூரில் செய்திப் படம் எடுக்க வருபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கேமராவைக் கையாளத் தெரியும், ஆனால் பத்திரிகைக்குப் படம் எடுத்துப் பழக்கமில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெங்களூரில் உள்ளூர்ப் பக்கத்துக்குப் படம் கொடுப்பவரின் நாள் பெரும்பாலும் இரண்டாகப் பிரியும். காலையில் சந்தை, கோயில், பஸ் நிலையம், தேங்கிய மழைத்தண்ணீர். மாலையில் ஏதாவது ஒரு பள்ளி, கல்லூரி, ஜூனியர் ஆட்டம். ஹாக்கி என்றால் அநேகமாக சாந்திநகர் பக்கம் அக்கித்திம்மனஹள்ளியில் இருக்கும் கரியப்பா ஹாக்கி ஸ்டேடியம்தான்.

புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஷட்டர் வேகம் தெரியாமல் விழுகிறவர்கள் குறைவு. எதை முதலில் செய்வது என்பதில்தான் விழுகிறார்கள். முதலில் படம், அப்புறம் பெயர் என்று வருகிறார்கள். ஜூனியர் ஆட்டத்தில் எல்லாமே ஊருக்குத் தெரியாத முகங்கள். யார் என்று தெரியாத படத்தை, பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் தயாரிக்கும் டெஸ்க் எவ்வளவு ரசித்தாலும் பக்கத்தில் வைக்காது. அதனால் மைதானத்தில் பெயர்தான் முதல் வேலை.

1. முந்தின நாளே முடிக்க வேண்டியவை

அமைப்பாளர்களிடம் பேசி அனுமதி வாங்குங்கள். வாசலில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், காவலாளியோடு பேசியே முதல் கால் பகுதி போய்விடும். பேசும்போதே இரண்டு அணி மேனேஜர்களின் தொடர்பு எண்ணையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு ஒரு பெயர் சந்தேகம் வந்தால் அந்த எண்தான் காப்பாற்றும்.

டெஸ்கிடம் இரண்டே கேள்விகள். பக்கம் எத்தனை மணிக்கு முடிகிறது? நெடுக்குப் படமா, அகலப் படமா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. பக்கத்தில் நெட்டையாக ஓர் இடம் விட்டு வைத்திருப்பார்கள். நீங்கள் எல்லாவற்றையும் அகலமாக எடுத்து வந்து நிற்பீர்கள்.

கேமராவின் கடிகாரத்தை மொபைல் நேரத்தோடு நிமிடம் பிசகாமல் வையுங்கள். இது சின்ன வேலையாகத் தெரியும். கோல் விழுந்த நேரத்தை நோட்டில் குறித்து வைத்தால், அந்த நேரத்துப் படத்தை நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து நொடியில் எடுத்துவிடலாம். கடிகாரம் தவறாக இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

பையில் இருக்க வேண்டியவை: இரண்டு கார்டு, இரண்டு பேட்டரி, மோனோபாட், ஒரு துண்டு, உட்கார ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, லென்ஸைப் போர்த்த ஒரு மழை உறை, நோட்டு, பென்சில். செயற்கைப் புல்தரையான டர்ஃபுக்குத் தண்ணீர் அடித்துத்தான் ஆட்டம் தொடங்குவார்கள்; ஓரத்தில் மண்டியிட்டால் கால்சட்டை நனையும், நோட்டும் நனையும். ஈரக் காகிதத்தில் பேனா எழுதாது, பென்சில் எழுதும்.

லென்ஸ் விஷயத்தில் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 70-200 மி.மீ., எஃப் 2.8 ஒன்று போதும். சொந்தமாக இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள். மைதானத்தின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 200 மி.மீ. வைத்து, 25 மீட்டர் தள்ளி இருப்பவரை அகலவாக்கில் எடுத்தால், ஃபிரேமின் மேலிருந்து கீழ் வரை சுமார் 3 மீட்டர் உயரம் அடங்கும். ஒன்றரை மீட்டர் உயரப் பிள்ளை அதில் பாதியை நிறைப்பார். அதற்கு அப்பால் இருப்பவரை வெட்டித்தான் பெரிதாக்க வேண்டும். ஆகவே உங்கள் பக்கத்து 23 மீட்டர் கோட்டை (கோல் முனையிலிருந்து அவ்வளவு தூரத்தில் மைதானத்துக்குக் குறுக்கே போட்டிருக்கும் கோடு) தாண்டிப் பந்து போய்விட்டால் விரலை எடுத்துவிடுங்கள். நடு மைதானத்தை விரட்டிக் கார்டை நிரப்புவது புதியவர்களின் முதல் வியாதி.

2. மைதானத்தில் முதல் வேலை: பட்டியல்

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். நேராக டெக்னிக்கல் டேபிளுக்கு (ஆட்ட அதிகாரிகள் உட்காரும் மேசை) போய் இரண்டு அணிகளின் பட்டியலையும் மொபைலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலை அப்படியே நம்பவும் கூடாது. ஜூனியர் அணிகளில் ஜெர்சி கைமாறும். ஒருவன் ஜெர்சி கிழிந்திருக்கும், இன்னொருத்தியின் ஜெர்சி வீட்டிலேயே இருக்கும், பக்கத்தில் இருப்பவரின் எண்ணைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்கள். வார்ம்-அப் நடக்கும்போது மேனேஜர் பக்கத்தில் போய் நின்று, "சார், 9 யாரு? 14 இவர்தானே?" என்று எண் எண்ணாகச் சரிபார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஹாக்கியில் மாற்று ஆட்டக்காரர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே வந்து வெளியே போகலாம். அதனால் முதலில் இறங்கும் 11 பேரை மட்டும் தெரிந்து வைத்துப் பயனில்லை. பெஞ்சில் இருப்பவர்களையும் சேர்த்தே கேளுங்கள்.

பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும். நீங்கள் எழுதப்போவது தமிழில். குடகுப் பிள்ளைகளின் வீட்டுப்பெயர், வட கர்நாடகப் பெயர், உருதுப் பெயர் எல்லாம் ஒரே அணியில் கலந்திருக்கும். சந்தேகமான பெயர்களை அந்தப் பிள்ளையையே சொல்லச் சொல்லி மொபைலில் பதிவு செய்துகொள்ளுங்கள். அறைக்கு வந்து ஊகித்து எழுதினால், மறுநாள் அந்த அப்பா போன் செய்து திட்டுவார். அவர் பக்கம்தான் நியாயம்.

கோச்சிடம் யாருக்காக எடுக்கிறீர்கள், எங்கே வரும் என்று சொல்லிவிடுங்கள். இவர்கள் எல்லோரும் 18 வயதுக்குக் கீழே, அல்லது அதை ஒட்டி இருப்பவர்கள். பெரியவர் ஒருவர் இவர்கள் பக்கமே லென்ஸைத் திருப்பிக்கொண்டு இருந்தால் பெற்றோருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. முன்கூட்டியே சொன்னால் அந்தச் சிக்கல் வராது; பெஞ்சுப் பக்கம் நிற்கவும் இடம் கொடுப்பார்கள்.

3. எங்கே உட்காருவது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஹாக்கிப் படம் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது.

ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. அந்தப் பக்கத்தால்தான் பந்தை ஆட வேண்டும். இடக்கை மட்டை கிடையாது. எல்லோருமே இடது கையை மேலே, வலது கையைக் கீழே வைத்துத்தான் பிடிக்கிறார்கள். பந்தை அடிக்கும்போது இடது தோள் கோலை நோக்கித் திரும்பும். மார்பும் முகமும் அவர்களுக்கு வலது பக்கம் பார்க்கும். ஆகவே தாக்குகிறவர்களின் வலது பக்கத்தில், கோல் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தால் முகம் கிடைக்கும். கோலுக்குப் பின்னால் நின்று மைதானத்தைப் பார்த்தால் அது உங்கள் இடது கைப் பக்கம். வலது கைப் பக்கம் உட்கார்ந்தால் கிடைப்பது முதுகும் முழங்கையும்.

அடுத்தது வெயில். மைதானங்களைப் பெரும்பாலும் வடக்கு-தெற்காகத்தான் அமைப்பார்கள். அப்படி இருந்தால் மாலை ஆட்டத்துக்குத் தெற்குக் கோல் பக்கம் உட்காருங்கள். அங்கே தாக்க வருகிறவர்களின் வலது பக்கம் மேற்கு. வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து நேராக அவர்கள் முகத்தில் விழும். காலை ஆட்டத்துக்கு வடக்குக் கோல், கிழக்குப் பக்கம். மொபைலில் திசைகாட்டியைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும். உங்கள் பத்திரிகைக்கு வேண்டிய அணி முதல் பாதியில் எந்தக் கோலைத் தாக்குகிறது என்று டாஸ் முடிந்ததும் பாருங்கள். வெளிச்சம் நன்றாக இருக்கும் கோலை அவர்கள் எந்தப் பாதியில் தாக்குகிறார்களோ, அந்தப் பாதியை ஆக்‌ஷனுக்கு வையுங்கள். மற்றப் பாதியில் பெஞ்ச், கோல்கீப்பர், பார்வையாளர் என்று எடுக்கலாம். இரண்டு கோலுக்கும் மாறி மாறி ஓடினால் இரண்டிலும் கோல் விழும்போது நீங்கள் நடந்துகொண்டிருப்பீர்கள். அது ஏன் அப்படி என்று கேட்காதீர்கள், அப்படித்தான் நடக்கும்.

இனி பாதுகாப்பு. பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கல் மாதிரி இருக்கும். பெரியவர்களின் டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையோடு ஒட்டி இழுத்து வந்து வீசுவது) மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். ஜூனியர்களில் நல்ல ஃபிளிக்கர் ஒருவர் இருந்தால் அவரும் ரொம்பக் குறைந்தவர் இல்லை. கோலுக்கு நேர் பின்னால் உட்காராதீர்கள். வலை இருக்கிறதே என்பார்கள். கோல் வலையின் ஓரம் அவிழ்ந்து தொங்குவதும் உண்டு, கீப்பரின் பேடில் பட்டுப் பந்து பக்கவாட்டில் எகிறுவதும் உண்டு. கோல் கம்பத்திலிருந்து நன்றாகத் தள்ளி, வேலியை ஒட்டி உட்காருங்கள். ஒரு கண் வியூஃபைண்டரில் இருக்கும்போது மற்றக் கண் திறந்தே இருக்கட்டும். டர்ஃபுக்குள் கால் வைக்க வேண்டும் என்றால் கேட்டுவிட்டு வையுங்கள்.

உட்காருவது என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவர்கள் குள்ளமானவர்கள், ஆட்டமும் குனிந்து ஆடுவது. நின்று எடுத்தால் தலைமுடியும் தரையும்தான் வரும்.

4. கேமரா அமைப்பு

பகலில் 1/1600, எஃப் 2.8 அல்லது 4. மின்விளக்கில் 1/1000க்குக் கீழே இறங்காதீர்கள். காரணம் எளிய கணக்கு: மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் பந்து 1/500 நொடியில் ஐந்தரை செ.மீ. நகரும். பந்தின் விட்டமே ஏழு செ.மீ.தான். படத்தில் பந்துக்குப் பதில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். 1/1600இல் இரண்டு செ.மீ.க்கும் குறைவு, பந்து பந்தாகத் தெரியும்.

ஐ.எஸ்.ஓ. 6400 வரை போகட்டும். பத்திரிகைத் தாளில் அந்தப் புள்ளிகள் தெரியாது. அசைந்த முகம் தெரியும்.

மின்விளக்கில் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய வகை விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மஞ்சள் படிந்தும் வருவது அதனால்தான். கேமராவில் ஆன்டி-ஃபிளிக்கர் இருந்தால் போட்டுவிடுங்கள்.

நீல டர்ஃப் என்றால் குனிந்திருக்கும் முகங்களில் கீழேயிருந்து நீலம் ஏறும். ஆட்டோ வைட் பேலன்ஸ் அதைப் பார்த்துக் குழம்பும். அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி வைட் பேலன்ஸை நிலைநிறுத்துங்கள். வெளிச்ச அளவை மேனுவலில் வையுங்கள், அளவை முகத்துக்கு எடுங்கள். வெள்ளை ஜெர்சிக்கு அளவெடுத்தால் நம் பிள்ளைகளின் முகம் இருண்டுபோகும். படம் அச்சில் இன்னும் ஒரு படி கருக்கும்.

தொடர் ஃபோகஸ், கேமராவின் பின்புறப் பட்டனில். ஃபோகஸ் புள்ளியை மார்பு எண்ணில் வையுங்கள், முகத்தில் அல்ல. முகத்துக்குக் குறுக்கே எப்போதும் ஒரு மட்டை வரும். பர்ஸ்டை (விரலை எடுக்காமல் தொடர்ந்து எடுப்பது) மூன்று, நான்கு படங்களில் நிறுத்துங்கள். விரலை அழுத்தியபடியே இருந்தால் கோல் விழுந்து அடித்தவர் திரும்பிக் கத்துகிற அந்த நொடியில் கேமரா படங்களை எழுதிக்கொண்டு நிற்கும்.

பிளாஷ் கூடவே கூடாது. அதற்கு விளக்கம் தேவையில்லை.

5. முதலில் ஒரு பத்திரமான படம்

ஆட்டம் தொடங்கிய முதல் சில நிமிடங்களில், இரண்டு அணியிலிருந்தும் ஆளுக்கு ஒருவர், நடுவில் பந்து, இருவர் எண்ணும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துவிடுங்கள். சாதாரணப் படம்தான். ஆனால் மழை வந்து ஆட்டம் நின்றாலும், டெஸ்க் திடீரென்று "உடனே ஒன்று அனுப்பு" என்றாலும் கையில் ஒன்று இருக்கும். பெங்களூரில் மே மாதத்திலும், செப்டம்பர், அக்டோபரிலும் சாயங்கால மழையை யாரும் நம்ப முடியாது. பத்திரமான படம் கையில் இருக்கிறவர்தான் அப்புறம் தைரியமாகக் காத்திருப்பார்.

6. பெனால்டி கார்னர்

தற்காப்பு அணி தவறு செய்தால், கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிக் கொடுக்க, எதிரணி கோல் முயற்சி செய்யும் வாய்ப்புதான் பெனால்டி கார்னர். ஜூனியர் ஆட்டங்களில் கோல் விழும் வாய்ப்புள்ள நேரம் இது, முன்னறிவிப்போடு வருவதும் பெரும்பாலும் இதுதான். அம்பயர் கை காட்டியதிலிருந்து பந்து வரும்வரை அரை நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். அந்த நேரத்தை இப்படிச் செலவிடுங்கள்.

முதலில் சர்க்கிளின் (கோலுக்கு முன்னால் வளைவாகக் கோடு போட்டிருக்கும் பகுதி) தலைப்பகுதியில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். தற்காப்பில் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால். தாக்குகிறவர்களில் பந்தைத் தள்ளிக் கொடுப்பவர் தவிர மற்றவர்கள் சர்க்கிளுக்கு வெளியே. பந்தை நிறுத்தக் குனிந்து நிற்பவர் ஒருவர், அவருக்குப் பின்னால் சில அடி தள்ளி ஓடி வரத் தயாராக நிற்பவர் ஒருவர். பின்னவர்தான் உங்கள் ஆள். எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அவர் அடிக்கப் போகிறாரா, ஃபிளிக் செய்யப் போகிறாரா என்று ஊகியுங்கள். முதல் ஷாட் அடியாக இருந்தால் பந்து கோலுக்குள் 460 மி.மீ. உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அது கோலின் பின்பலகை உயரம். ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அடி என்றால் கீப்பர் தரையோடு படுப்பார், ஃபிளிக் என்றால் கை உயரும். உங்கள் ஃபிரேமைத் தாழ்த்தி வைப்பதா உயர்த்தி வைப்பதா என்பது இதைப் பொறுத்தது. சிறு வயது அணிகளில் டிராக் ஃபிளிக் தெரிந்தவர் அணிக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

மூன்றாவதாக, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஃபிளிக்கரா, கீப்பரா. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க ஆசைப்பட்டால் நடுவில் ஓடும் முதுகுகளில் ஃபோகஸ் போய் நிற்கும். முகமூடி போட்ட தற்காப்பாளர்கள் பாய்ந்து ஓடுவது உங்களுக்கும் ஃபிளிக்கருக்கும் குறுக்கே. ஆகவே கோல் கோட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு நான் சொல்வது கீப்பரைத்தான். எதிர்ப்பக்கக் கோட்டோரத்தில் நின்றால் ஃபிளிக்கர்.

கோல் விழுந்தால் எழுந்துவிடாதீர்கள். அடித்தவர் முதலில் தன் ஆட்களை நோக்கித் திரும்புவார், உங்களுக்கு முதுகு தெரியும். ஓரிரு நொடியில் மற்றவர்கள் வந்து கட்டிக்கொள்ளும்போது அவர்கள் முகம் உங்கள் பக்கம் இருக்கும். கார்னரைத் தொடங்கப் பந்தைத் தள்ளிக் கொடுத்தவர் கோல் கோட்டிலிருந்து ஓடுவார். அவரைப் பின்தொடர்ந்தால் அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் விடுவார்.

கூட்டம் கலைந்ததும் இரண்டு படங்கள் கட்டாயம். கோல் அடித்தவரின் முதுகு எண் ஒன்று, ஸ்கோர்போர்டு ஒன்று. அச்சுக்கு அல்ல, உங்களுக்கு. இரவு பத்து மணிக்குத் தலை சுற்றும்போது எந்தக் கோல், யார் கோல் என்று இந்த இரண்டு படங்களும் சொல்லிவிடும்.

7. ஆட்டம் நிற்கும்போது கேமராவை இறக்காதீர்கள்

15 நிமிடக் கால் பகுதிகள் நான்கு, நடுவே இரண்டு நிமிட இடைவெளி, பாதியில் நீண்ட இடைவேளை. புதியவர்கள் அப்போதுதான் படங்களைத் திரும்பிப் பார்க்கக் குனிகிறார்கள். பெஞ்சில் நடப்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

ஜூனியர் ஹாக்கியில் எனக்குப் பிடித்த படங்கள் ஆட்டத்துக்கு முன்னால் கீப்பர் தயாராகும் இடத்தில்தான் கிடைக்கும். காலுக்குப் பேட், பாதத்துக்குக் கிக்கர், மார்புக் கவசம், கழுத்துப் பட்டை, கடைசியில் ஹெல்மெட். பேட் மாட்டிய பிறகு பிள்ளையால் குனியவே முடியாது. தோழி ஒருத்தி தரையில் உட்கார்ந்து கிக்கர் வார்களை இழுத்துக் கட்டுவாள், கீப்பர் அவள் தலைமேல் கை ஊன்றிச் சமாளித்து நிற்பாள். கவசம் பெரியவர் அளவு, உள்ளே இருப்பது சின்ன உடம்பு. அந்த வித்தியாசமே படம். 35 மி.மீ. போன்ற அகல லென்ஸ், ஒரு மீட்டர் தூரம், அவர்கள் கண் உயரம். ஆனால் இதைக் கேட்டுவிட்டு எடுங்கள். பக்கத்திலேயே யாராவது உடை மாற்றிக்கொண்டிருக்கலாம்.

மட்டைக்கு கிரிப் டேப் சுற்றுவது, காலுறைக்குள் ஷின் கார்டு திணிப்பது, கோச் பந்துகளைத் தரையில் வைத்து ஆட்டத்தை விளக்குவது, தோற்ற அணி தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பது எல்லாம் அச்சுக்கு ஏற்ற படங்கள்தான். கோல் இல்லாத ஆட்டத்தில் பக்கத்தைக் காப்பாற்றுவது இவைதான்.

8. எடுக்கக் கூடாதவை, எடுத்தாலும் அனுப்பக் கூடாதவை

பெண் பிள்ளைகள் ஸ்கர்ட்டில் ஆடுவார்கள். நீங்கள் தரை மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சங்கடமான கோணத்தில் ஒரு ஃபிரேம் வந்தால் அங்கேயே அழித்துவிடுங்கள். டெஸ்க் பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். எந்த டெஸ்கும் அவசரத்தில் எதையும் செய்யும்.

அடிபட்டு விழுந்த பிள்ளையை விழுந்த தருணத்தில் எடுக்கலாம், வலியில் துடிக்கும் முகத்தை நெருங்கி எடுக்காதீர்கள். தோற்று அழுகிறவர்களின் படத்தை அனுப்பும் முன் கோச்சிடம் ஒரு வார்த்தை. பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

தெருவிலும் செய்தியிலும் சட்டமே வரும் இடங்கள் உண்டு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிட 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 23ஆம் பிரிவு தடை விதிக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு வழக்கில் சிக்கிய குழந்தை, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை, சாட்சியான குழந்தை என்று எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறது. பெயர், பள்ளி, முகவரி, படம் எதுவும் கூடாது. பட்டறையில் வேலை பார்க்கும் சிறுவனின் முகத்தைக் காட்டி "குழந்தைத் தொழிலாளர்" என்று அனுப்பும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

9. தெருப்படம்: இங்கே வரிசை மாறும்

மைதானத்தில் பெயர் முதலில், படம் பிறகு. தெருவில் தலைகீழ். முதலில் கேட்டால் எல்லோரும் சட்டையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நிற்பார்கள். எடுத்துவிட்டு, அந்த இடத்தை விட்டு நகரும் முன் பெயர் கேளுங்கள். நகர்ந்துவிட்டுத் திரும்பி வந்தால் ஆள் இருக்க மாட்டார்.

நாள்காட்டியிலிருந்து தொடங்குங்கள். சும்மா சுற்றினால் ஏதாவது கிடைக்கும் என்பது நடக்காது. வரலட்சுமி விரதத்துக்கும் ஆயுத பூஜைக்கும் முந்தின நாள் கே.ஆர். மார்க்கெட்டில் பூ விலை ஏறும். விடிவதற்கு முன்னால் அங்கே இருக்க வேண்டும். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள், சிவாஜிநகர் பசிலிக்காவில் கூட்டம் நிரம்பும், அதில் பெரும்பகுதி தமிழர்கள். வியாழக்கிழமைகளில் விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயம். ஹாக்கி ஸ்டேடியத்திலிருந்து தூரமும் இல்லை. ஜனவரியில் அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலைக்கு மாலை போடுவார்கள். ஏரியைச் சுற்றி ராணுவ இடம் இருக்கிறது, எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற ராணுவப் பிரிவு) சுவர், வாசல், காவல் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். மெட்ரோ நிலையத்துக்குள் எடுக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி.

போன இடத்தில் ஆளைத் தேடாதீர்கள். வெளிச்சத்தையும் பின்னணியையும் தேடுங்கள். பூ மார்க்கெட்டில் கூரை இடுக்கு வழியாக ஒரு வெளிச்சக் கீற்று விழும் இடம் இருக்கும். அங்கே நின்றுகொண்டால் கூடை தூக்கி வருகிறவர் அதைக் கடந்துதான் போவார். ஆள் பின்னாலேயே ஓடினால் பின்னணியில் பிளாஸ்டிக் கவரும் பைக்கும்தான்.

மூன்று தூரத்தில் எடுங்கள்: இடம் தெரிய ஒன்று, வேலை தெரிய ஒன்று, கை மட்டும் ஒன்று. மல்லிகை கட்டும் பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். வாழைநாரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் தோய்த்து எடுத்து, இரண்டு இரண்டு பூவாக எதிரும் புதிருமாக வைத்து, கையைப் பார்க்காமலே முடிச்சுப் போடுவார். பார்வை வாடிக்கையாளர் மேல் இருக்கும். கையும் பார்வையும் சேர்ந்து வருகிற ஃபிரேம்தான் வேண்டும். கைப்படம் மட்டும் தனியாகப் போனால் எந்த ஊர்ப் பூக்காரியும் ஆகலாம்.

"அக்கா, இன்னொரு தடவை அப்படியே செய்யுங்களேன்" என்று கேட்காதீர்கள். கேட்டு எடுத்த படம் செய்திப் படம் இல்லை. தவறிப்போனால் போகட்டும், இன்னொரு முழம் கட்டத்தானே போகிறார். காசும் கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் அடுத்து வருகிற எல்லோரிடமும் கேட்பார்கள், கொடுக்காதவரைத் துரத்துவார்கள். பூ வாங்குவது வேறு விஷயம்.

எடுத்து முடித்ததும் போய், "அக்கா, பேப்பர்லேருந்து வர்றேன், உங்களைப் படம் எடுத்தேன், போடலாமா? பேரு, எந்த ஏரியா?" என்று திரையைக் காட்டிக் கேளுங்கள். சிவாஜிநகர், அல்சூர், மர்பி டவுன் பக்கம் தமிழிலேயே பேசலாம்; மற்ற இடத்தில் கன்னடத்தில் நாலு வாக்கியம் தெரிந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

10. படக்குறிப்பு

படக்குறிப்பை மைதானத்திலேயே எழுதுங்கள். பஸ்ஸில் எழுதலாம் என்று கிளம்பினால் ஓசூர் சாலை நெரிசலில் எல்லாம் மறந்துபோகும்.

டெஸ்குக்கு அடிக்கடி வந்து சேரும் குறிப்பு இந்த ரகம்: "ஹாக்கி போட்டியில் வீராங்கனைகள் ஆக்ரோஷமாக மோதிக்கொண்ட காட்சி." இதில் ஒரு தகவலும் இல்லை. எந்தப் போட்டி, எந்த அணிகள், எங்கே, எப்போது, இடமிருந்து வலமாக யார் யார், என்ன நடக்கிறது, முடிவு என்ன என்ற வரிசையில் எழுதுங்கள். "ஆக்ரோஷமாக", "கண்கொள்ளாக் காட்சி" எல்லாம் படத்தைப் பார்த்தாலே தெரியும், எழுத வேண்டியதில்லை. படத்தில் கண்ணுக்குத் தெரியாததைத்தான் குறிப்பு சொல்ல வேண்டும்: அது இரண்டாவது கோல் என்பது, அதன்பின் அணி வென்றது என்பது.

எண்ணையும் பெயரையும் கடைசியாக ஒரு தடவை பட்டியலோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் மேனேஜரைக் கூப்பிடுங்கள். அதுவும் கிடைக்கவில்லை என்றால் பெயரை விட்டுவிட்டு, பெயர் உறுதியாகத் தெரிந்த இன்னொரு படத்தை அனுப்புங்கள். அழகில் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை.

தெருப்படத்துக்குப் பெயர், தொழில், இடம். விலை, மழை, விழா என்று ஏதாவது ஒரு செய்தி அதில் இருக்க வேண்டும். "வாழ்க்கைப் போராட்டம்" மாதிரியான தலைப்பை அந்த அக்கா படித்தால் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

11. அனுப்புவது, வைத்திருப்பது

இடைவேளையில் ஒன்று, ஆட்டம் முடிந்து பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டு. அதற்கு மேல் டெஸ்குக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. பத்துப் படம் அனுப்பினால் அவர்கள் தேர்வு செய்வது நீங்கள் விரும்பாத ஒன்றாகத்தான் இருக்கும்.

மூன்று பத்தி அகலம் என்பது சுமார் 12 செ.மீ.; 300 டி.பி.ஐ.க்கே 1500 பிக்சல் போதும். 2000 பிக்சலுக்குச் சுருக்கி அனுப்பினால் மொபைல் டேட்டாவில் சீக்கிரம் போகும், தரமும் குறையாது. வாட்ஸ்அப்பில் என்றால் டாக்குமென்ட்டாக இணையுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அது தன் இஷ்டத்துக்கு நசுக்கிவிடும். வெட்டும்போது பந்தையும் மட்டை நுனியையும் வெட்டாதீர்கள். பந்து இல்லாத ஆக்‌ஷன் படத்தை டெஸ்க் ஓரமாகத் தள்ளிவிடும்.

வெளிச்சம், நிறம், வெட்டு இதோடு நிறுத்துங்கள். பின்னணியில் இருக்கும் விளம்பரப் பலகையை அழிப்பது, பந்தை இன்னொரு ஃபிரேமிலிருந்து எடுத்து ஒட்டுவது எல்லாம் உங்கள் வேலையையே முடித்துவிடும்.

மறுநாள் பக்கம் அச்சாகி வரும்வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். இரவு பதினொன்றுக்குக்கூட "அதே படத்தில் நெடுக்காக ஒன்று இருக்கா?" என்று போன் வரும். காலையில் படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, தேதி, இடம், அணிகள் என்று பெயர் வையுங்கள். மொபைலில் எடுத்த பெயர்ப்பட்டியலையும் அதே ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள். இந்தப் பிள்ளைகளில் ஒருவர் சில வருடங்களில் மாநில அணிக்கோ இந்திய அணிக்கோ போனால், டெஸ்க் பழைய படம் கேட்டு முதலில் உங்களைத்தான் கூப்பிடும். பட்டியல் இல்லாமல் அன்றைக்கு அந்த 9ஆம் எண் யார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.